ரோம எல்லைக் கோட்டை: ஹவுஸ்டெட்ஸா, சால்பர்க்கா?

இங்கிலாந்தில், ரோமப் பேரரசின் எல்லையாகக் கட்டப்பட்ட ஹேட்ரியன் சுவரை ஒட்டியுள்ள ஹவுஸ்டெட்ஸ் கோட்டை, இடிந்தது இடிந்தபடியே காக்கப்படுகிறது. ஜெர்மனியில் பாட் ஹோம்பர்க் அருகே உள்ள சால்பர்க்கோ ஜெர்மானியப் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்மின் ஆதரவில், 1897இல் தொடங்கிப் பழைய அடித்தளங்களின் மேல் மறுபடி எழுப்பப்பட்டது. ஹேட்ரியன் சுவர் 1987இலும் ஜெர்மனியிலுள்ள ரோம எல்லைக் கோடு 2005இலும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

குழந்தைகளோடு போவதென்றால் சால்பர்க்தான். வாயிலும் மதிலும் முழு உயரத்தில் நிற்பதால் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணில் படுவதை எல்லாம் நம்பிவிடக் கூடாது. மதில் வெறுங்கல்லாக இருக்கிறது. ரோமர் காலத்தில் வெள்ளைச் சாந்து பூசி, கல் இணைப்பு போலச் சிவப்புக் கோடு வரைந்திருந்தார்கள் என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு. சரி, இடித்துத் திருத்தலாமா? முடியாது. அந்தப் பிழைக்கே நூறு வயது தாண்டிவிட்டது, அதுவும் இப்போது மரபுதான்!

ஹவுஸ்டெட்ஸில் பெரும்பாலும் தாழ்ந்த சுவர்கள்தான். ஆனால் கிழக்கு வாயிற்படியில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கலாம். தென்கிழக்கு மூலையில் படைவீரர்களின் பொதுக் கழிப்பறை: மர இருக்கைகள் போய்விட்டன, ஆழமான சாக்கடையும் தண்ணீர்த் தொட்டியும், துடைத்துக்கொள்ளப் பயன்பட்ட கடற்பஞ்சை அலசிய சிறு வாய்க்காலும் அப்படியே இருக்கின்றன. இதை எந்த மறுகட்டுமானமும் தராது.

என் ஓட்டு ஹவுஸ்டெட்ஸுக்கே. மழைச்சட்டை மட்டும் அவசியம். கோட்டைக்குள் ஒதுங்கக் கூரை கிடையாது.