கீற்றுகளை அளக்க எது சரி: குமிழியா, கம்பியா, லேசரா?

கொந்தளிப்பான ஓட்டம் என்றால் சுவரை ஒட்டிய நீரும் தாறுமாறாகத்தான் ஓடும் என்று நினைப்போம். ஆனால் அங்கே மெதுவான பட்டைகளும் வேகமான பட்டைகளும் மாறி மாறி, ஓட்டத்தின் திசையில் நீளமாகக் கிடக்கின்றன. இவைதான் கீற்றுகள். அடுத்தடுத்த இரண்டு மெதுவான கீற்றுகளுக்கு இடையே சராசரியாக 100 சுவர் அலகு இருக்கும். பாய்மத்தின் இயக்கப் பாகுத்தன்மையை (பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்தது) உராய்வு வேகத்தால் (சுவர் உராய்விலிருந்து கணக்கிடும் வேகம்) வகுத்தால் வருவது ஒரு சுவர் அலகு. நொடிக்கு 20 செ.மீ. ஓடும் தண்ணீரில் அது ஏறத்தாழ 0.1 மி.மீ. என்பதால் கீற்று இடைவெளி 1 செ.மீ.; வெறுங்கண்ணுக்கே தெரியும். நொடிக்கு 10 மீட்டர் வீசும் காற்றில் அதே இடைவெளி 4 மி.மீ.கூட இருக்காது. எந்த முறை தேறும் என்பதில் பாதியை இந்தக் கணக்கே முடிவு செய்துவிடும்.

மூத்த முறை ஹைட்ரஜன் குமிழி. 1967இல் ஸ்டான்ஃபோர்டில் கிளைன் குழுவினர் கீற்றுகளை உலகுக்குக் காட்டியது இதை வைத்துத்தான். தலைமுடியைவிட மெல்லிய பிளாட்டினம் கம்பியைச் சுவரிலிருந்து அரை மி.மீ. உயரத்தில் ஓட்டத்துக்குக் குறுக்கே கட்டி, எதிர்மின்வாயாக்கி மின்சாரம் பாய்ச்ச வேண்டும். கம்பியிலிருந்து கிளம்பும் குமிழிகள் கொஞ்ச தூரத்திலேயே மெதுவான பட்டைகளுக்குள் ஒதுங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் ஈரத் தலையைச் சீப்பால் வாரியது மாதிரி இருக்கும். கம்பியில் அழுக்கு படிந்து குமிழி விட்டுவிட்டு வந்தால், மின்முனைகளைச் சற்று நேரம் மாற்றிப் போட்டால் சரியாகும்.

இதில் சிக்கல் எண்ணுவதில்தான். ஒரு கீற்று கிளை பிரிந்தால் அது ஒன்றா இரண்டா? ஒரே படத்தை நானும் நண்பரும் எண்ணி, ஆளுக்கொரு எண்ணோடு வந்து நின்றிருக்கிறோம். ஆனாலும் 1983இல் ஸ்மித், மெட்ஸ்லர் இருவரும் வீடியோவைக் கொண்டு பொறுமையாக எண்ணி, உந்தத் தடிமனை (சுவரருகே ஓட்டம் இழந்த உந்தத்தைக் குறிக்கும் நீளம்) வைத்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் (பாகுத்தன்மையோடு ஒப்பிட்டால் ஓட்டத்தின் வேகமும் அளவும் எவ்வளவு பெரிது என்பது) 740 முதல் 5830 வரை சராசரி 100ஐ விட்டு நகரவில்லை என்று காட்டினார்கள். பரவல் சமச்சீராக இல்லை, லாக்-நார்மல் வடிவம், அதாவது பெரிய இடைவெளிகளின் பக்கம் வால் நீண்டது. அதனால் அதிகம் தென்படும் இடைவெளி 80 பக்கம்தான். சராசரி என்று ஒற்றை எண்ணை மட்டும் கொடுக்கும் கட்டுரைகளில் இது காணாமல் போய்விடும்.

அடுத்தது ஹாட் வயர்: சூடேற்றிய மெல்லிய கம்பியை ஓட்டம் எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து வேகத்தை அளக்கும் கருவி. அது இந்த வேலைக்கு ஏற்றதல்ல என்பேன். ஒரு புள்ளியில் நேரத்தோடு மாறும் வேகத்தை அளக்க அதற்கு நிகரில்லை. ஆனால் கீற்று இடைவெளி பக்கவாட்டு விஷயம். அதற்குப் பல கம்பிகளை வரிசையாக நிறுத்த வேண்டும். போதாததற்கு, 5 மைக்ரான் கம்பிக்கு விட்டத்தைப்போல் 200 மடங்கு நீளம் வேண்டும், அதாவது 1 மி.மீ. மேலே சொன்ன காற்றோட்டத்தில் அது 25 அலகுக்கும் மேல். 20ஐத் தாண்டினாலே நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் மழுங்கும். இன்னொன்று, கீற்றுகள் பக்கவாட்டில் அலைவதால் நீண்ட நேரச் சராசரி எடுத்தால் வடிவமே கரைந்துபோகும். குப்தா, லாஃபர், காப்லன் மூவரும் 1971இல் குறுகிய நேரத் துண்டுகளாக ஒட்டுறவு (இரண்டு இடங்களின் வேகம் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதன் அளவு) பார்த்தது இதனால்தான்.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது பி.ஐ.வி., அதாவது துகள்களின் படங்களைக் கொண்டு வேகத்தை அளக்கும் லேசர் முறை. நீரில் துகள்களைத் தூவி, சுவருக்கு இணையாக லேசர் தகட்டைப் பாய்ச்சி, அடுத்தடுத்த இரண்டு படங்களிலிருந்து வேகப் புலத்தையே எடுத்துவிடலாம். பக்கவாட்டு ஒட்டுறவு எந்தத் தூரத்தில் மிகக் கீழே இறங்குகிறதோ அதை இரட்டித்தால் இடைவெளி. எண்ணுகிறவர் கண்ணை நம்ப வேண்டியதில்லை. ஆனால் தகட்டின் தடிமனைக் கவனியுங்கள். 1 மி.மீ. தகடு நம் தண்ணீரில் 10 அலகு, பரவாயில்லை. காற்றில் அதுவே 25க்கும் மேல். பல உயரங்களின் வேகம் ஒரே படத்தில் குழம்பும்.

அப்புறம் கணினி. 1987இல் கிம், மொய்ன், மோசர் ஏறத்தாழ 40 லட்சம் கட்டப் புள்ளிகளில் கால்வாய் ஓட்டத்தை (இரண்டு இணைச் சுவர்களுக்கு இடையே ஓடுவது) கணக்கிட்டார்கள். சுவரருகே ஒட்டுறவு 50 அலகில் அடிமட்டம் தொட்டது; இரட்டித்தால் அதே 100. எனக்கு இதைவிடப் பிடித்தது 1991இல் ஹிமேனெஸும் மொய்னும் செய்தது. கணக்கிடும் பெட்டியின் அகலத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். ஏறத்தாழ 100 அலகுக்குக் கீழே போனதும் கொந்தளிப்பே தாக்குப்பிடிக்காமல் அடங்கிவிட்டது.

எந்த முறையை எடுத்தாலும் அளப்பது மில்லிமீட்டரில். 100 என்று சொல்ல உராய்வு வேகம் வேண்டும். அது 10 சதவீதம் தவறினால் உங்கள் 100 நேராக 90 ஆகும், அல்லது 110 ஆகும். கேமராவுக்குச் செலவழிக்கும் நேரத்தில் கொஞ்சத்தைச் சுவர் உராய்வைத் தனியாக அளக்க ஒதுக்குங்கள்.