வளர்ப்பு முத்து சாம்பிள் பாக்ஸ்: துளையப் பாத்தா ஜாதகமே தெரியுது

ஆன்லைன்ல முத்து மாலை தேடினா அக்கோயா, எடிசன், டாஹிட்டி, சவுத் சீ, கேஷின்னு பேரா கொட்டும், எல்லாத்துக்கும் பக்கத்துல ஏஏஏ (AAA)ன்னு ஒரு தரக் குறி வேற இருக்கும், போட்டோல பாத்தா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசமே தெரியாது. அதான் மாலைக்கு முன்னாடி இந்த சாம்பிள் பாக்ஸ வாங்கினேன். வகைக்கு ஒண்ணு ரெண்டுன்னு துளை போட்ட உதிரி முத்து, தனித்தனி குழியில பேர் சீட்டோட வருது, ஒப்பிட்டுப் பாக்க ஒரு போலி முத்தும் வச்சிருக்காங்க, கூட பத்து மடங்கு லென்ஸ், ஒரு சின்ன புக்லெட். விக்கிறவங்க பேர இங்க போடல, அதுல ஒரு வில்லங்கம் இருக்கு, கீழ சொல்றேன்.

ஐடியா சூப்பர், முத்துங்க பெரும்பாலும் நல்லாவே இருக்கு, லென்ஸ் உருப்படி. ஒரு குழியில மட்டும் ஏமாத்து வேலை. புக்லெட் வேஸ்ட்.

போலிலேர்ந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா பாக்ஸ்லயே பாக்க அழகா இருந்தது அதுதான். சீட்டுல ஷெல் பேர்ல்னு போட்டிருக்கு, அதாவது சிப்பி ஓட்ட உருண்டையாக்கி மேல கோட்டிங் அடிச்சது. இதையே வெளிய "சவுத் சீ ஷெல் பேர்ல்"னு பேர் வச்சு விக்கறாங்க, அவசரத்துல படிக்கிறவங்க கண்ணுக்கு சவுத் சீ மட்டும்தான் தெரியும், நல்லா யோசிச்சுதான் வச்சிருக்காங்க பேர. முன்பல் ஓரத்துல லேசா தேச்சா இது வழுக்கிட்டுப் போகுது, பக்கத்துக் குழியில இருக்கற நிஜ முத்துங்க எல்லாம் மெல்லிசா நறநறங்குது. சிப்பி சுரக்கற படலம், நேக்கர்னு சொல்றோமே, அது அரகோனைட்ங்கற கால்சியம் கார்பனேட் தகடுங்க ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வர்றது, அந்த அடுக்கோட விளிம்புதான் பல்லுல படுது. ஆனா பல் டெஸ்ட் பாஸாயிடுச்சுன்னு அது இயற்கை முத்துன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வளர்ப்பு முத்தும் அதே மாதிரிதான் நறநறங்கும், ரெண்டுலயும் மேல இருக்கறது அதே நேக்கர்தான். கடல்ல தானா விளைஞ்சதா மனுஷன் விளைய வச்சதான்னு உறுதியா சொல்ல லேப்ல எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும், கடைக்காரர் நாக்குல எடுக்கற எக்ஸ்ரே எல்லாம் செல்லாது.

பல்லை விட எனக்குப் புடிச்சது துளைதான். லென்ஸ கண்ணோட ஒட்டி வச்சுகிட்டு, முத்த வெளிச்சத்துக்கு நேரா கிட்ட கொண்டுவந்து துளை விளிம்ப பாருங்க. போலில கோட்டிங் விளிம்புல சுருண்டு தூக்கிட்டு நிக்குது, ஒரு எடத்துல பொக்கு உரிஞ்சு உள்ள இருக்கற மணி தெரியுது. ஜப்பான் கடல் முத்தான அக்கோயாவுல துளை வாய் சுத்தமா இருக்கு, உள்ள கொஞ்ச தூரத்துல சுத்தியும் ஒரு மெல்லிய கோடு ஓடுது. அந்தக் கோட்டுக்கு வெளிய இருக்கறது சிப்பி சுரந்தது, உள்ள இருக்கறது மனுஷன் வச்ச மணி. இந்த ஒரு கோட்டப் பாக்கத் தெரிஞ்சாலே பாக்ஸோட காசு பாதி வசூல்.

புக்லெட்ல என்னடான்னா "மணல் துகளை உள்ளே வைத்தால் முத்தாகும்"னு எழுதியிருக்கான். பழைய கதை. நிஜத்துல இன்னொரு சிப்பியில ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கற மேன்டில்ங்கற சதையிலேர்ந்து ஒரு குட்டித் துண்டு வெட்டி உள்ள வைக்கறாங்க, அந்த செல்லுங்க வளந்து பையா சுத்திக்கும், நேக்கர சுரக்கறது அந்தப் பைதான். கடல் முத்துக்கு அந்தத் துண்டோட ஒரு மணியும் சேத்து வைப்பாங்க, மணியும் சிப்பி ஓட்டுல கடைஞ்சதுதான், ரொம்ப காலமா பெரும்பாலும் அமெரிக்காவோட மிசிசிப்பி ஆத்து சிப்பி ஓட்டுலேர்ந்துதான் செஞ்சுட்டு வர்றாங்க. ஜப்பான் முத்துன்னு போட்டுக்கறோம், உள்ள பாதிக்கு மேல அமெரிக்கா.

அக்கோயா சிப்பி சின்னது, பிங்க்டாடா ஃபுகாட்டா, அதனால முத்தும் பெரும்பாலும் 6லேர்ந்து 8 மி.மீ.தான், 9 தாண்டினாலே அபூர்வம். ஜப்பான்ல முத்து வளர்ப்ப ஆரம்பிச்சு வச்ச மிகிமோட்டோ கோகிச்சி 1893ல அரை முத்து எடுத்தது இந்த சிப்பியிலதான், முழு உருண்டை வர்ற முறை அப்புறம் மிஸே, நிஷிகாவான்னு ரெண்டு பேர் பேர்ல வந்துச்சு. பாக்ஸ்ல வந்த அக்கோயா ஆணிமுத்துன்னு சொல்லலாம், உருட்டி விட்டா நேரா ஓடுது, டியூப்லைட்டுக்குக் கீழ பிடிச்சா லைட்டோட ரெண்டு முனையும் கூர்மையா தெரியுது. லஸ்டர்னு சொல்றது இதத்தான், வெறும் வெளுப்பு இல்ல. பிம்பத்தோட ஓரம் எவ்ளோ கூர்மையோ அவ்ளோ நல்ல நேக்கர். குளிர் தண்ணியில நேக்கர் மெதுவா படியறதால இந்த கண்ணாடி பளபளப்பு வருதுன்னு சொல்வாங்க, அறுவடைய குளிர்காலத்துல வச்சுக்கறதும் அதுக்காகத்தான்.

அக்கோயாவோட வீக்னெஸும் நேக்கர்லதான். அரை மி.மீ. இருந்தா நல்ல கனம், சீக்கிரம் எடுத்துட்டா அதுவும் இருக்காது. ஒரு லைட்டுக்குக் கீழ மெதுவா உருட்டிப் பாருங்க, உள்ள மணியோட வரிங்க மாறி மாறி வெளிச்சமா இருட்டா கண்ணடிச்சா படலம் மெல்லிசுன்னு அர்த்தம், அத விட்டுருங்க. இன்னொண்ணு, வெள்ளை அக்கோயா பெரும்பாலும் ப்ளீச் பண்ணி, லேசா ரோஸ் ஏத்திதான் வருது. தொழில்ல இது சகஜம், தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா புக்லெட்ல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

நன்னீர் முத்துக்கு நாலு குழி ஒதுக்கியிருக்காங்க, ரொம்ப சந்தோஷம், மார்க்கெட்ல இருக்கற முத்துல பெரும்பகுதி இதுதானே. சைனாவுல குளத்துல, ஏரியில மஸ்ஸல்ங்கற நன்னீர் சிப்பிய வளத்து எடுக்கறது, செஜியாங் மாகாணத்துல ஜூஜி ஊர் இதுக்கு பேர் போனது. ஒரே மஸ்ஸல்ல முப்பது நாப்பதுன்னு கூட விளையும், அதான் விலை இறங்கி வருது. மணி வைக்காம சதைத் துண்டு மட்டும் வைக்கறதால உள்ள வரைக்கும் நேக்கர்தான், துளையில கோடே இருக்காது. மட்டம்னு இத ஒதுக்கறவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன், தினம் போட்டுக்க ஒரு மாலை வேணும்னா படலம் தேஞ்சு மணி வெளிய வந்துருமோன்னு பயம் இல்லாதது இது ஒண்ணுதான். சிக்கல் உருவத்துலதான், மணி இல்லாததால முழு உருண்டை வர்றது கஷ்டம், பட்டன், அரிசி, உருளைக்கிழங்கு ஷேப்பெல்லாம் அதனாலதான். வெள்ளை, பீச், ரோஸ், லாவண்டர் இதுக்கு இயற்கை கலர். பாக்ஸ்ல வந்த லாவண்டர் பட்டன், வெயில் வெளிச்சத்துல வச்சுப் பாத்தா பக்கத்துல இருந்த அக்கோயாவையே கொஞ்சம் டல்லடிக்க வச்சுச்சு, நிஜமா.

நாலாவது குழியில எடிசன். இதுவும் நன்னீர்தான், ஆனா மணி வச்சு வளத்தது, அதான் பெருசாவும் உருண்டையாவும் வருது, பர்ப்பிளும் வெண்கலக் கலரும் கலந்து அடர்த்தியான கலர்ல 12 மி.மீ. சைஸ்ல. துளையில கோடு தெரிஞ்சுது, சொன்னபடி சரக்கு சரி. நீட்டு குச்சி ஷேப் ஒண்ணுக்கு மட்டும் "பீவா"ன்னு சீட்டு ஒட்டியிருக்காங்க. பீவா ஜப்பான்ல இருக்கற ஏரி, தண்ணி கெட்டுப்போய் அங்க உற்பத்தி சுருங்கி ரொம்ப காலம் ஆச்சு, இப்ப பீவான்னு சுத்தறது பெரும்பாலும் சைனா முத்துதான். பேர் நல்லா ஓடுதுன்னு விட மாட்டேங்கறாங்க.

இப்ப வில்லங்கத்துக்கு வர்றேன். டாஹிட்டின்னு எழுதின குழியில இருந்தது கரிக்கருப்பா, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே கருப்பு, அப்பவே மனசு உறுத்துச்சு. பிரெஞ்சு பாலினேசியாவுல கருப்பு உதட்டு சிப்பியில, பிங்க்டாடா மார்கரிட்டிஃபெராவுல, விளையறதுக்குத்தான் டாஹிட்டின்னு பேர், பேர்தான் கருப்பு முத்தே தவிர உண்மையில சாம்பல், பச்சை, கத்திரிக்காய் கலர்னு ஒண்ணு மேல ஒண்ணா கலர் ஓடும், பச்சையும் ரோஸும் சேந்து மினுங்கறத பீகாக்னு சொல்வாங்க. லென்ஸ்ல பாத்தேன். துளை விளிம்புல சாயம் தேங்கி நிக்குது, பக்கத்துல ஒரு பொடிக் கீறல், அதுக்குள்ளயும் சாயம் இறங்கியிருக்கு. துளைக்குள்ள கோடு? இல்லவே இல்ல. டாஹிட்டில கேஷி (மணி இல்லாத ரகம், கீழ வருது) தவிர மத்ததுக்கு மணி இருந்தே ஆகணும். ஆக இது சாயம் போட்ட நன்னீர் முத்து, நன்னீர்ல இயற்கையா இந்தக் கருப்பே கிடையாது. விக்கறவன் குடுத்த லென்ஸாலயே விக்கறவன் மாட்டிக்கிட்டான்.

போட்டோ எடுத்து அனுப்பினா "ஒவ்வொரு முத்தும் ஒரு விதம் மேடம்"னு பதில் வந்துச்சு. துளைய பெருசாக்கி எடுத்த போட்டோவ அனுப்பி, கோடு எங்கன்னு கேட்டேன், அதுக்கப்புறம் பேச்சு மாறி வேற ஒண்ணு அனுப்பினாங்க. அது நிஜ டாஹிட்டி, கோணல்மாணல் ஷேப், இடுப்ப சுத்தி வளையம் வளையமா பள்ளம், அடர் சாம்பல் மேல பச்சை, ஓரத்துல ரோஸ். மொதல்லயே இத வச்சிருக்கலாம்ல, உருண்டையா கருப்பா இருந்தாதான் சனத்துக்குப் புடிக்கும்னு நெனச்சாங்க போல.

சவுத் சீ ரெண்டு, வெள்ளை ஒண்ணு, கோல்டன் ஒண்ணு. ரெண்டுமே பிங்க்டாடா மாக்ஸிமாங்கற பெரிய சிப்பிதான். வெள்ளி உதட்டு ரகம் வடமேற்கு ஆஸ்திரேலியாவுல, ப்ரூம் பக்கம், தங்க உதட்டு ரகத்துக்கு பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும். நேக்கர் கனம், துளையில அந்தக் கோடு ரொம்ப உள்ள தள்ளித் தெரியுது, அக்கோயாவ பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் பட்டுன்னு புரியும். ஆனா அக்கோயா மாதிரி கண்ணாடியா மின்னும்னு எதிர்பாத்து வாங்காதீங்க, இதோட பளபளப்பு உள்ளேர்ந்து வர்ற மாதிரி சாந்தமா இருக்கும், லைட்டோட பிம்பம் ஓரம் மங்கித்தான் தெரியும். எனக்கு வெள்ளைய விட கோல்டன் புடிச்சுது. கோல்டன்ல சாயச் சரக்கு நெறைய சுத்துதுங்கறதால துளைய ரெண்டு தடவ பாத்தேன், சாயம் எங்கயும் தேங்கல, ஆனா கலர் ட்ரீட்மென்ட் எதுவுமே இல்லன்னு லென்ஸ மட்டும் வச்சு அடிச்சு சொல்ல முடியாது, பெரிய காசு போடறதா இருந்தா லேப் ரிப்போர்ட் கேளுங்க.

கேஷி, மாபே ரெண்டும் பேருக்கு இருக்கு. கேஷி மணி இல்லாம தானா உருவாகற துணை விளைச்சல், சின்னதா கோணலா இருந்தாலும் மினுக்கு அபாரம். மாபே ஓட்டோட ஒட்டி வளர்ற அரை முத்து, உள்ள பிசின் ஊத்தி பின்னாடி மூடியிருப்பாங்க, மோதிரத்துக்கு யோசிச்சு வாங்குங்க.

கடைசியா அந்த ஏஏஏ. உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட ஒரே அளவுகோல் முத்துக்கு கிடையாது, அவனவன் போட்டுக்கறதுதான், டாஹிட்டி பக்கம் ஏலேர்ந்து டி வரைக்கும் வேற கணக்கு. இந்த பாக்ஸ்லயே எல்லா சீட்டுலயும் ஏஏஏ, அந்த சாயம் போட்டதுக்கும் ஏஏஏ. போலிக்கு மட்டும் போடல, ஏதோ மனசாட்சி.

பாக்ஸுக்கு 5க்கு 3.5. மாத்திக் குடுத்ததுக்காக அரை மார்க் சேத்திருக்கேன். வாங்கறதா இருந்தா வந்த அன்னைக்கே டாஹிட்டி குழிய தொறந்து துளைய பாத்துருங்க, ரிட்டர்ன் டைம் முடிஞ்சப்புறம் பேசினா கேக்க மாட்டாங்க. சென்ட் அடிச்ச கையால தொட வேணாம், ஆசிட் பட்டா நேக்கர் போயிரும். தனித்தனி குழியிலயே வச்சிருங்க, முத்து ரொம்ப மெது, ஒரு ஸ்டீல் கொக்கி உரசினாலே கீறல் விழும்.