அப்வேர்டு கொடுத்துக் காத்திருக்கலாமா, ராமநாதபுரத்திலேயே சேர்ந்துவிடலாமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. நம் கடற்கரையில் அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கையில் காசு புழங்காது, நிவாரணமாக வரும் 8,000 ரூபாய் பழைய கடனை அடைக்கவே சரியாகிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் தனியார் கல்லூரிகளிலிருந்து போன் வரும், "இன்னைக்கு அட்வான்ஸ் கட்டிட்டா சீட் உங்களுக்கு, நாளைக்குன்னா சொல்ல முடியாது" என்று. மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி, ஏர்வாடி என்று எந்த ஊரை எடுத்தாலும் பெற்றோர் வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு போனை நம்பித்தான். பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற வேலையை நான் ஊரில் செய்துவருகிறேன். கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடலாமா, இன்னும் நல்லது வரும் என்று காத்திருக்கலாமா என்பது ஒவ்வொரு வருடமும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்வி என்பதால் எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சீட் எவ்வளவு நல்லது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அதைவிட நல்லது கிடைத்தால் இதை விட்டு வெளியே வர என்ன செலவாகும் என்று யாரும் பார்ப்பதில்லை. மாற்று ஏற்பாடு என்று ஒன்றை வைத்துக்கொண்டால் அது விட்டுவிட்டுப் போகக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே நம்மைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால் காலண்டரில். அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கை முதலில் முடிந்து ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் வகுப்பே ஆரம்பித்துவிடுகிறது. பொறியியல் கவுன்சலிங் சுற்றுகள் ஜூலை, ஆகஸ்ட்டில்தான் நடக்கின்றன. மருத்துவம் அதற்கும் பின்னால் இழுத்துக்கொண்டே போகும். அதாவது நமக்கு மிகவும் பிடித்தது கடைசியில் பதில் சொல்கிறது, கடைசி விருப்பம் முதலில் வந்து "சேர்கிறாயா இல்லையா" என்று கேட்கிறது. இதில் முதலில் கேட்டவனுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் தவிக்கிற வீடுகள்தான் அதிகம்.

பொறியியல் கவுன்சலிங்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் காத்திருப்பு என்பதற்கு ஒழுங்கான ஏற்பாடு அங்கேதான் இருக்கிறது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்ஆஃப் போட்டு ரேங்க் வருகிறது. சுற்று தொடங்கியதும் கல்லூரி, பாடப்பிரிவு இரண்டையும் சேர்த்து விருப்ப வரிசையாகப் பதிய வேண்டும், எத்தனை வேண்டுமானாலும் பதியலாம். தற்காலிக ஒதுக்கீடு வந்தபிறகு பதில் சொல்ல வேண்டும். இதுவே போதும் என்று ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்காகவும் காத்திருக்கலாம், இதை விட்டுவிட்டு மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்லது முழுவதுமாக விலகிவிடலாம். இதில் இரண்டாவதைத்தான் எல்லோரும் அப்வேர்டு என்கிறோம்.

அப்வேர்டில் பலருக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. போன சீசனில் ஒரு பெண் லாங் சைஸ் நோட்டில் வரிசை எழுதிக்கொண்டு வந்தாள், பச்சைப் பேனாவில், கல்லூரியின் கோடு எண், பாடப்பிரிவு, போன வருடக் கட்ஆஃப் என்று மூன்று கட்டம் போட்டு, அவ்வளவு சுத்தமாக. மூன்றாவது இடத்தில் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்று, அதற்குக் கீழே காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி எல்லாம் வரிசையாக இருந்தன. ஏன் இப்படி என்று கேட்டால், "பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் கிடைக்கிறதை மேல போடச் சொன்னாங்க" என்றாள். அது கிடைத்துவிடும்தான். ஆனால் மூன்றாவது கிடைத்தபிறகு அப்வேர்டு கொடுத்தால் ஒன்றாவதும் இரண்டாவதும் மட்டுமே கணக்கில் வரும், நான்காவதில் இருக்கிற காரைக்குடி அதோடு முடிந்தது, அங்கே சீட் காலியாகக் கிடந்தாலும் வராது. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் அவர்கள் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் காலியாக இருப்பதைக் கொடுப்பதுதான் முறை என்பதால், எட்டாத கல்லூரியை மேலே எழுதுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்கு இறங்குவார்கள், அவ்வளவுதான். பச்சைப் பேனா வரிசையைத் திருத்தி எழுதினோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. மேலே எழுதியது வந்துவிட்டால் கையில் இருந்தது தானாகப் போய்விடும், பழையதே போதும் என்று திரும்ப முடியாது. அதனால் கோயம்புத்தூரில் தங்கிப் படிக்க வைக்க வழியில்லாத வீடு கோயம்புத்தூரை ராமநாதபுரத்துக்கு மேலே எழுதக் கூடாது. பெயர் பெரியது என்பதற்காக எழுதிவிட்டு, வந்தபிறகு அழுகிற பிள்ளைகளைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். இதில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது, அவர்கள் தைரியமாகச் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரி வரைக்கும் மேலே எழுதலாம். தயவுசெய்து எழுதுங்கள்.

ஏற்றுக் காத்திருப்பதற்கும் விட்டுக் காத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் பணம்தான். முதலாவதில் உதவி மையத்தில் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்ட வேண்டும், மேலே எதுவும் காலியாகவில்லை என்றாலும் கையில் உள்ளது நிற்கும். இரண்டாவதில் பணம் வேண்டாம், ஆனால் மேலே எதுவும் வரவில்லை என்றால் கையில் இருந்ததும் போயிருக்கும். கிடைத்த கல்லூரிக்கு எப்படியும் போகப்போவதில்லை என்று உறுதியாக இருக்கிற வீட்டுக்குத்தான் இரண்டாவது. மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது ஏற்றுக் காத்திருங்கள் என்றுதான். ஜூன் 15-க்குப் பிறகு படகு போய்விடுவதால் ஜூலையில் அந்தக் கட்டணத்தைப் புரட்டுவது மே மாதத்தில் அட்வான்ஸ் புரட்டுவதைவிட எவ்வளவோ லேசு.

இப்போது அந்த அட்வான்ஸ் சீட். நேரடியாகவே சொல்கிறேன், மாற்று ஏற்பாடாக இதை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. இது கல்லூரியே நேரடியாக நிரப்புகிற நிர்வாக ஒதுக்கீடு, இதில் கட்டணமும் அதிகம், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி சலுகையும் 7.5 சதவீத ஒதுக்கீடும் அங்கே கிடையாது, அவை கவுன்சலிங் வழியாக வருபவர்களுக்குத்தான். அதே கல்லூரி, அதே பாடப்பிரிவு ஆகஸ்ட்டில் கவுன்சலிங்கில் குறைந்த கட்டணத்தில் கிடைத்ததையும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பணத்தோடு அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு அப்வேர்டில் நல்ல இடம் வந்தபிறகு, முன்பு பணம் கட்டிய கல்லூரியில் டிசி வாங்க அவனும் அவன் அம்மாவும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை, "முழு வருடக் கட்டணத்தையும் கட்டிட்டு எடுத்துக்கோங்க" என்றுதான் முதலில் பதில் வந்தது.

அப்படிப் பிடித்து வைப்பது தவறு. அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018-லேயே அறிவிக்கை போட்டிருக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31-க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியையும் திருப்பித்தர வேண்டும் என்றும் சொன்னது. நீங்கள் சேரும் வருடத்துத் தேதியை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள், கட்டின ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். "அட்வான்ஸுக்கு ரசீது கிடையாதுங்க" என்று ஒரு இடத்தில் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அதற்குப் பதிலாக மாற்று ஏற்பாடாக நான் சொல்வது அரசு கலைக் கல்லூரி. ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரிலுள்ள கல்லூரி, ராமநாதபுரம் மகளிர் கல்லூரி, பரமக்குடி என்று எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிடலாம். கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும், இயற்பியலிலோ கணிதத்திலோ சேர்ந்து வகுப்புக்குப் போய்க்கொண்டே பொறியியல் சுற்றுகளைக் கவனிக்கலாம், இடம் வந்தால் டிசி வாங்கிக்கொண்டு கிளம்பலாம். வராவிட்டாலும் வருடம் வீணாகாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாயும் வரும். ராமேஸ்வரம் தீவிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு, 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபிறகு மறுபடி ஓடுவதும் ஒரு ஆறுதல். "கடைசில ஆர்ட்ஸ் காலேஜா" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். டிஎன்பிஎஸ்சி எழுதி அரசு வேலைக்குப் போனவர்களில் அங்கே படித்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

பொறியியலுக்குள்ளேயே வீட்டுப் பக்கமா, வெளியூரா என்பது வேறு தராசு. ராமநாதபுரத்தில் இருக்கிற அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் அரசுக் கட்டணம், கிராமத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் போய்வரலாம். கீழக்கரையில் 1984 முதல் முகமது சதக் பொறியியல் கல்லூரி இருக்கிறது, கீழக்கரை, பெரியபட்டினம் பெண்களில் வீட்டிலிருந்து படிக்க முடிந்தால்தான் படிப்பு என்கிற நிலையில் உள்ளவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் கேம்பஸ் வேலைவாய்ப்பு என்று பார்த்தால் மதுரை தியாகராசருக்கு நிறையப் பெரிய நிறுவனங்கள் நேரடியாக வருகின்றன, நம் பக்கத்தில் அந்த அளவுக்கு இல்லை. கட்ஆஃப் எட்டுகிறது, விடுதிக்கு வழியிருக்கிறது என்றால் மதுரை, அடுத்தது காரைக்குடி, அதன்பிறகு ராமநாதபுரம் என்பது என் வரிசை. எட்டுகிறதா என்று பார்க்கும்போது போன வருடப் பட்டியலில் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உரிய கட்டத்தைப் பாருங்கள், பொதுப் பிரிவுக் கட்ஆஃபைப் பார்த்துவிட்டு மனம் தளர்ந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

உயிரியல் எடுத்தவர்கள் மறந்துபோகிற ஒன்று மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-லிருந்து இருக்கிறது, நான்கு வருடப் படிப்பு, நீட் தேவையில்லை, ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே எடுக்கிறார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. ஆனால் விண்ணப்பம் தனி, மீன்வளப் பல்கலைக்கழக இணையதளத்தில் போட வேண்டும், பொறியியலுக்குப் போட்டதில் இது சேராது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்தை வெளியிலிருந்து பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் உள்ளே வேலைக்குப் போக இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. நீட்டில் எதிர்பார்த்த மார்க் வராத கடற்கரைப் பிள்ளைக்கு இதுதான் முதல் மாற்று என்று நான் சொல்வேன், கலைக் கல்லூரி அதற்கு அப்புறம்.

நீட்டுக்கு இன்னொரு வருடம் உட்கார்வது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2021-22-இல் ராமநாதபுரத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 100 இடங்கள், அதனால் ஆசை கூடியிருப்பது இயல்புதான். மிகச் சில மதிப்பெண்ணில் தவறவிட்டிருந்தால் ஒரு வருடம் உட்காரலாம். பெரிய இடைவெளி என்றால் மீன்வளத்திலோ பி.எஸ்சியிலோ சேர்ந்துவிட்டு, நீட்டை அதன் பக்கத்தில் வைத்து எழுதட்டும்.