பல் லேப்காரங்க கவனத்துக்கு: இன்வெஸ்ட்மென்ட் பவுடரில் 18,400 ரூபாய் போச்சு

மெட்டல் கேஸ்டிங் செய்யும் சின்ன லேப்கள் இதைப் படிச்சிடுங்க. பல் மருத்துவப் பொருட்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். பாஸ்பேட் பாண்டட் இன்வெஸ்ட்மென்ட், அதாவது உருக்கின மெட்டலை ஊத்துற மோல்டு செய்யும் பவுடர், நாலு பெட்டி. அதைக் கலக்குற லிக்விடோட சேர்த்து 18,400 ரூபாய். வந்தது காலாவதியான சரக்கு. தேதி மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. நகத்தால சுரண்டினா அடியில பழைய தேதி பல்லிளிக்குது.

ஆர்டருக்கு முன்னாடி போனில் பேசினவர் லேப்பிலேயே ஊறினவர் மாதிரி பேசினார். "எந்த அலாய், நிக்கல் குரோமா, கோபால்ட் குரோமா சார்? லிக்விட்ல டிஸ்டில்டு வாட்டர் எவ்வளவு கலக்குறீங்க?"ன்னு கேட்டார். கோப்பிங் (பல் கேப்புக்கு அடியில வர்ற மெட்டல் தொப்பி) டைட்டா வந்தா லிக்விட் விகிதத்தைக் கூட்டுங்க, லூசா வந்தா தண்ணியைக் கூட்டுங்கன்னு அவரே சொன்னார். அத்தனையும் சரியான பேச்சு. இவ்வளவு தெரிஞ்ச ஆள் குப்பையை அனுப்புவார்னு யாருக்குத் தோணும்? முழுப் பணமும் முன்கூட்டியே போயிடுச்சு.

பாக்கெட்டைப் பிரிச்சதுமே பவுடர் கட்டி கட்டியா இருந்துச்சு. 160 கிராமுக்கு 38 மி.லி. லிக்விட், 60 விநாடி வேக்குவம் மிக்ஸிங். நல்ல பவுடர்னா கலக்கும்போதே அமோனியா வாடை மூக்கில் ஏறும், இறுகும்போது ரிங் (கலவையை ஊத்துற உருளை) கையில சுடும். இதில் வாடையும் இல்லை, சூடும் இல்லை. காரணம் எளிசு: இந்தப் பவுடரில் இறுக்கத்தைத் தருவது மெக்னீசியம் ஆக்சைடும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டும் சேரும் வினை. ஈரக்காத்து பட்டா அந்த வினை பாக்கெட்டுக்குள்ளேயே பாதி முடிஞ்சிடும். மிச்சமிருக்கிறதுல மோல்டுக்கு வலுவும் வராது, விரிவும் வராது.

பர்ன்அவுட்டில் (ரிங்கை ஃபர்னஸில் சுட்டு உள்ளே இருக்கிற வேக்ஸை எரிக்கிறது) 270 டிகிரியில நிறுத்தி, 580-ல நிறுத்தி, மெதுவா 900-க்கு ஏத்தியும் ரிங் விரிசல் விட்டுச்சு. விரிசலுக்குள்ள மெட்டல் ஓடி, கோப்பிங் ஓரமெல்லாம் தகடு தகடா பிசிறு. முழுசா வந்த ஒன்றிரண்டும் டையில (பல்லோட மாதிரி அச்சு) உட்காரலை. நிக்கல் குரோம் ஆறும்போது நீளவாக்கில சுமார் 2.3 சதவீதம் சுருங்கும். அதை ஈடுகட்ட வேண்டியதே இன்வெஸ்ட்மென்ட்டோட விரிவுதான். அதே வேக்ஸ், அதே ஃபர்னஸ், அதே அலாய், பழைய ஸ்டாக் பவுடரில் போட்டா சுத்தமா வருது. இதுக்கு மேல என்ன நிரூபணம்?

அந்தப் பக்கம் பதில்களைக் கேளுங்க. முதல்ல "ஃபர்னஸை கேலிபரேட் பண்ணுங்க சார்." அப்புறம் "உங்க ஊர் ஹியூமிடிட்டி." அப்புறம் "பாக்கெட் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது." பிரிக்காம பவுடரை எப்படிங்க சோதிக்கிறது? லாட் (தயாரிப்புத் தொகுதி) சர்டிஃபிகேட் கேட்டதுக்கு வேற லாட் நம்பரோட ஒரு மங்கலான பிடிஎஃப். ஸ்டிக்கர் போட்டோ அனுப்பினதும் நீல டிக் மட்டும்தான். கடைசியா வேற ஒருத்தர் பேசி, "ஜிஎஸ்டி பில்லில் வாங்கியிருக்கீங்க, நீங்க கன்ஸ்யூமரே இல்லை"ன்னு வெச்சுட்டார். 18,400 ரூபாயை வாங்கும்போது இந்தச் சட்டமெல்லாம் ஞாபகத்துக்கு வரலை போல. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்றவங்க அந்தத் தொழிலுக்குன்னே வாங்கும் பொருளுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிவாகியிருக்கு.

வாங்கும் முன்னாடி பார்க்க வேண்டியதை எல்லாம் விரிவா எழுதணும்னுதான் ஆரம்பிச்சது, இப்போ அந்தப் பொறுமை இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. தேதி பெட்டியில மட்டும் இருந்தா நம்பாதீங்க, பாக்கெட்டிலேயே லாட் நம்பர் அச்சாகியிருக்கணும். முதல் பாக்கெட்டை நோயாளியோட வேலை எதுவும் வைக்காம வெறும் ரிங்கா ஊத்திப் பாருங்க. வாடை வரலைன்னா மிச்சத்தைத் தொடவே தொடாதீங்க. லிக்விட் பாட்டிலைக் குலுக்கிப் பாருங்க, அடியில ஜெல் மாதிரி திரண்டிருந்தா அதுவும் வேஸ்ட். அதே தளத்தில் அலாயும் கிலோ கணக்கில் மலிவா போட்டிருக்காங்க. பெரிலியம்ங்கிற நச்சு உலோகம் 0.02 சதவீதத்துக்குள்ள இருக்குன்னு சர்டிஃபிகேட் தராத எவன்கிட்டயும் அதை வாங்காதீங்க, அந்தத் தூசு போறது உங்க நுரையீரலுக்குள்ள.