கடை வாசலில் ஆள் எண்ணிய ஆறு வருடம்

முழங்காவிலில் மாமியும் இன்னும் நான்கு பெண்களும் பனையோலையில் பெட்டி, கடகம், சுளகு இழைக்கிறார்கள். அதை வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு விற்கலாமே என்று 2019இல் ஒரு இணையத்தளம் போட்டோம். இழைப்பது அவர்கள் வேலை. படம் எடுத்துப் போடுவதும் பார்சல் கட்டுவதும் கிளிநொச்சிக்கு பஸ் ஏறுவதும் என் வேலை. தளத்துக்கு யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. கூகிள் அனலிட்டிக்ஸின் பழையது, புதியது, பிறகு கோட்கவுண்டர் என்று மூன்றையும் பாவித்திருக்கிறேன்.

தளத்தைச் செய்து தந்தவர் பக்கத்தின் அடியில் ஒரு எண்ணி வைத்திருந்தார். தளம் திறந்த அன்றைக்கே அதில் நான்கு இலக்கத்தில் ஒரு எண் நின்றது. கேட்டால், “பூச்சியத்தில தொடங்கினால் வாறவை என்ன நினைப்பினம்?” என்றார். பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க எண் ஏறிக்கொண்டே போனது. ஒரு கிழமையில் அதைத் தூக்கிவிட்டு கூகிளின் எண்ணியை வைத்தேன். இலவசம், எல்லோரும் பாவிக்கிறார்கள், வேறு என்ன வேண்டும் என்று நினைத்த காலம்.

முதல் வருடம் முழுக்க எங்களுக்குச் சந்தோஷம். ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணியளவில் கோடு மேலே ஏறும். இங்கே ஆட்கள் வேலை முடித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு போனைக் கையில் எடுக்கும் நேரம் அது. அதனால் நானும் நாலரைக்குப் புதுப் படம் போடுவேன், ஐந்து மணிக்கு வட்ஸ்அப்பைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன். ஒருவரும் கதைக்க மாட்டார்கள். காலையில் எழும்பிப் பார்த்தால், நாங்கள் நித்திரையில் இருந்தபோது வந்த இரண்டு மூன்று கேள்விகள் ஆறிப்போய்க் கிடக்கும்.

கணக்குத் திறக்கும்போது நேர வலயத்தை மாற்றாமல் விட்டிருந்தேன். கூகிள் தானாகப் போட்டு வைத்திருந்தது லொஸ் ஏஞ்சல்ஸ் நேரம். அங்கே மாலை ஐந்து என்றால் ரொறன்ரோவில் இரவு எட்டு. கோடைகாலக் கணக்குப்படி நமக்கு அது மறுநாள் விடியற்காலை ஐந்தரை. அங்கே சாப்பிட்டு முடித்து, பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் பார்க்கும் ஆட்களை, இங்கே தேத்தண்ணி குடிப்பவர்கள் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வலயத்தை மாற்றினேன். வட்ஸ்அப்புக்கு மறுமொழி எழுதும் நேரத்தையும் விடியற்காலைக்கு மாற்றினேன். கேட்டவருக்குச் சூட்டோடு பதில் போனால் பாதிப் பேராவது வாங்குகிறார்கள். இந்த ஆறு வருடத்தில் எண்ணியால் கிடைத்த மிகப் பெரிய லாபம் அதுதான், அதுவும் என் பிழையைத் திருத்தியதால் வந்தது.

அடுத்தது கொழும்பு. நகரப் பட்டியலில் எப்போதும் முதலிடம் கொழும்புக்குத்தான். வெள்ளவத்தைப் பக்கம் யாரோ நம் பெட்டிகளை விரும்பிப் பார்க்கிறார்கள் என்று பெருமைப்பட்டோம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றதே, அந்த நாட்களில் கொழும்பு ஒரேயடியாகக் காணாமல் போனது. கனடாவும் லண்டனும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. கொழும்பிலும் இருட்டுத்தானே என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் போன் சார்ஜ் ஏறிய அன்று மட்டும் கொழும்பு உயிர்த்தெழுந்ததைக் கண்டபோது விளங்கிவிட்டது. அது நாங்கள்தான். போன் டேட்டாவில் போனால் ஆள் முழங்காவிலில் இருந்தாலும் கணக்கில் கொழும்பு என்றே விழும். நானும் மாமியின் மகளும் மாறி மாறித் திறந்து பார்த்ததைத்தான் வாடிக்கையாளர் என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறோம். சொந்த ஐபி முகவரியை, அதாவது நம் இணைய இணைப்புக்குக் கிடைக்கும் எண்ணை, விலக்கி வைக்கலாம் என்று அமைப்புகளில் ஒரு இடம் இருக்கிறது. ஆனால் நம் இணைப்பில் அந்த முகவரி நின்ற இடத்தில் நிற்பதில்லை, அதனால் அது எங்களுக்கு உதவவில்லை.

ஆஷ்பர்ன் கதையும் இதே மாதிரித்தான். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் உள்ள ஊர் அது. அங்கிருந்து ஒழுங்காக ஆள் வரும், ஒரு செக்கன்கூட நிற்காது. அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கும் என்று நானே ஒரு கதை கட்டி மாமிக்கும் சொல்லிவிட்டேன். பிறகுதான் அறிந்தேன், அது பெரிய தரவு மையங்கள் குவிந்திருக்கும் இடம். வந்துபோனது இயந்திரம். தெரிந்த இயந்திரங்களைக் கூகிள் தானாகக் கழித்துவிடுகிறது, ஆனாலும் தப்பி வருபவை இருக்கின்றன. தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் கம்பனியின் கணக்குப் பக்கத்தில் இன்னொரு அறிக்கை இருக்கும், அது இதைவிட மோசம். வாசலில் விழுந்த நிழலையெல்லாம் ஆள் என்று எண்ணும். அந்தப் பெரிய எண்ணைக் காட்டி யாராவது உங்களுக்கு விளம்பரம் விற்க வந்தால் கவனம்.

“புதியவர்” என்ற கட்டத்தையும் நான் இப்போது நம்புவதில்லை. வருபவர்களில் பெரும்பங்கு புதியவர்கள் என்று காட்டும். புலம்பெயர்ந்த நம்மவர்களின் கையில் ஐபோன் அதிகம். அதிலுள்ள சஃபாரி, இப்படியான எண்ணிகள் ஆளை அடையாளம் காணப் போனில் வைக்கும் குக்கி என்ற சிறு குறிப்பை ஏழு நாளில் அழித்துவிடுகிறது. இரண்டு கிழமை கழித்து அதே அக்கா திரும்பி வந்தாலும் கணக்கில் அவர் புது ஆள்.

சரி, குறையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் பிரயோசனப்பட்டது கூகிளின் வேறொரு கருவி, சேர்ச் கொன்சோல். ஆட்கள் கூகிளில் எந்தச் சொல்லைத் தேடியபோது நம் தளம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதை அது சொல்லும். 16 மாதக் கணக்கு வைத்திருக்கும். அதைத் திறந்த முதல் நாள் ஒரு சொல் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது: கடகம். மற்றச் சொற்களுக்குக் கிட்டவும் வர முடியாத எண். அழுத்தியவர் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு பக்கத்தில் இருந்த சொற்களைப் பார்த்தேன்: கடகம் இன்றைய பலன், கடகம் சனிப்பெயர்ச்சி. ராசிபலன் தேடியவர்களின் முன்னால், எங்கோ பல பக்கம் தள்ளி, மாமி இழைத்த கடகம் போய் நின்றிருக்கிறது. மாமியிடம் சொன்னேன். “என்ர ராசியும் கடகம்தான்” என்றார்.

அதே பட்டியலின் அடியில்தான் பொன் கிடந்தது. புட்டு அவிக்கும் கூம்புப் பெட்டிக்கு நான் தளத்தில் எழுதியிருந்த பெயர் நீற்றுப்பெட்டி. எழுத்துத் தமிழில் அதுதான் சரி. ஆனால் தேடியவர்கள் நீத்துப்பெட்டி என்று வாயில் வருகிறபடி அடித்திருந்தார்கள், புட்டுப் பெட்டி என்று அடித்திருந்தார்கள், ஆங்கில எழுத்திலே ஐந்தாறு விதமாக அடித்திருந்தார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் வாயில் கேட்ட ஓசைதான் தெரியும், றகரம் தெரியாது. பக்கத்தின் தலைப்பில் நீத்துப்பெட்டி என்று போட்டு, ஆங்கில எழுத்தில் அதிகம் வந்த இரண்டு எழுத்துக்கூட்டலையும் கீழே விளக்கத்தில் சேர்த்தேன். அதற்குப் பிறகு எங்களிடம் அதிகம் விலைபோகும் பொருள் அதுதான். இலக்கணம் தெரிந்த ஒரு மாஸ்டர் இதற்காக என்னோடு சண்டைக்கு வந்தார், அது வேறு கதை.

எண்ணி வழி காட்டியது இன்னொரு இடத்தில். வந்தவர்கள் கடகத்தைப் பார்க்கிறார்கள், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள், அடுத்து தபால் செலவுப் பக்கம் போகிறார்கள், அதோடு போய்விடுகிறார்கள். விலை அதிகமா, நம்பிக்கை இல்லையா, எண்ணிக்கு அது தெரியாது. பழைய வாடிக்கையாளர் ஒருவரை வட்ஸ்அப்பில் கேட்டேன். அவர் ஒரே வரியில் சொன்னார்: “கடகத்தைவிட அனுப்புற காசு கூட, தம்பி.”

கூரியர்க்காரர்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கம். 40க்கு 40, உயரம் 30 என்றொரு கடகத்தைப் பெட்டியில் போட்டால் கணக்குக்கு 9.6 கிலோ. தராசில் வைத்தால் ஒரு கிலோகூட வராது. ஓலையை அனுப்பவில்லை, உள்ளே இருக்கும் காற்றுக்குத்தான் காசு கட்டிக்கொண்டிருந்தோம். மாமியிடம் இதைக் கணக்கோடு சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய் மூலையில் கிடந்த பெட்டிகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது உள்ளே இறங்கவில்லை. “விளிம்பை ஒரு விரல் குறைச்சால் இறங்கும்” என்றார். அடுத்த கிழமை மூன்று அளவில், ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கும் தொகுதி தயார். ஒரு கடகத்தின் காற்றுக்குள் மூன்று பெட்டி போனது. தபால் செலவையும் தனிப் பக்கத்தில் ஒளிக்காமல் பொருளின் விலைக்குக் கீழேயே எழுதிவிட்டேன். அதன்பின் ஆட்கள் அந்த இடத்தில் கழன்று போவது குறைந்தது.

2023 ஜூலை 1ஆம் திகதி கூகிள் பழைய அனலிட்டிக்ஸை நிறுத்தியது. புதியதற்கு மாறினேன். எனக்கு அது பிடிக்கவில்லை. முன்பு ஒரு கண்ணில் பார்த்ததைக் காண இப்போது நான்கு இடம் நோண்ட வேண்டும். விவரமான தரவை இரண்டு மாதம்தான் வைத்திருக்கும் என்பது அதன் இயல்பான அமைப்பு. நாங்களாகப் போய் 14 மாதம் என்று மாற்ற வேண்டும், அதைப் பிந்தித்தான் கண்டேன். போன வருடத் தைப்பொங்கலோடு இந்த வருடத்தை ஒப்பிடப் போனால் போன வருடம் அரைகுறை. ஒரு நல்லது உண்டு: தளத்திலிருந்து வெளியே போகும் அழுத்தங்களைத் தானாகவே குறித்துக்கொள்கிறது, அதனால் வட்ஸ்அப் பொத்தானை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதற்குத் தனியாக வேலை செய்யத் தேவையில்லை. பழைய கணக்கின் தரவும் மறு வருடம் கைவிட்டுப் போனது. நான் எடுத்து வைத்திருந்த சில ஸ்கிரீன்ஷொட்கள் மட்டும் மிச்சம்.

அதோடு கோட்கவுண்டருக்கு வந்தேன். சிறிய தளங்களுக்குக் காசில்லை. டொலர் விலை 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்குத் தாவியதைக் கண்டவர்களுக்கு மாதாமாதம் டொலரில் சந்தா கட்டும் எந்தச் சாமானும் பயம். ஒரே பக்கம், எந்தப் பக்கத்தை எத்தனை பேர், எங்கிருந்து, எந்த இணைப்பால் என்று மட்டும் சொல்லும். குக்கி வைக்காது. தளத்தை ஒரு சிறப்பு முகவரியால் ஒரு தடவை திறந்தால் அந்தப் போனை இனி எண்ணாது, இப்படியாகக் கொழும்புப் பிரச்சினையும் முடிந்தது.

குக்கி இல்லாதது மாமிக்கும் ஆறுதல். முன்பு ஒருநாள் அறிக்கையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, “வாற ஆக்களைப் பதியிறியோ?” என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. வன்னிக்குள் போய்வர ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று பெயர் பதிந்துகொண்டு போய்வந்த ஆள் அவர். வன்னியில் பதிவு என்ற சொல்லை லேசாகச் சொல்லிவிட முடியாது. “பேர் இல்லை மாமி, எண்ணிக்கை மட்டும்தான்” என்றேன். கூகிளின் எண்ணி ஓடிய காலத்தில் அது முழு உண்மையும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கடைசியாகச் செய்த ஒரு சின்ன வேலையைச் சொல்ல வேண்டும். வட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பால் வருபவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பெரும்பாலும் எண்ணிக்குத் தெரிவதில்லை, “நேரடி” என்று ஒரு மூட்டையில் கட்டிவிடும். அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் இணைப்பின் வாலில் வெவ்வேறு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தேன். ஊர்ச் சங்கக் குழுவுக்கு ஒன்று, முகநூலுக்கு ஒன்று. பெட்டியோடு போகும் மட்டைத் துண்டில் கியூஆர் குறியாக ஒன்று. 2024 நவம்பர் நடுவில் வருகை குறையாமல் கனடா ஓடர் மட்டும் படுத்துவிட்டது. வாலெல்லாம் சரியாக இருந்தது, தளமும் சரியாக இருந்தது. ஒரு நாள் முழுக்க நோண்டிவிட்டுச் செய்தியைப் பார்த்தால், அங்கே தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம். டிசம்பர் 17 வரை நீண்டது. தைப்பொங்கலுக்குப் போக வேண்டிய சுளகெல்லாம் வீட்டுச் சுவரில் தொங்கியது.

மட்டைத் துண்டால் வருபவர்கள் குறைவு, மாதத்தில் ஒன்றிரண்டு. போன மாதம் அப்படி ஒருவர் நோர்வேயிலிருந்து வந்திருக்கிறார். நோர்வேக்கு நாங்கள் ஒரு பெட்டிகூட அனுப்பியதில்லை. லண்டனுக்கோ பாரிசுக்கோ போனது யாரோ ஒருவரின் கையில் பரிசாக அங்கே போயிருக்க வேண்டும். மாமிக்கு இதைச் சொன்னதில் இருந்து ஒவ்வொரு மாலையும் அதே கேள்வி.

“நோர்வே ஆள் வந்தவரோ?”

அதே வாலோடு நோர்வேயிலிருந்து இன்னும் இரண்டு வருகை விழுந்திருக்கிறது. இரண்டும் சுளகுப் பக்கத்துக்கு. ஒரே ஆளா, வேறு ஆளா என்று இந்த எண்ணி சொல்லாது. அதை மாமிக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே குருத்தோலையை வார்ந்துகொண்டிருந்தார்.

“ஒரு சுளகு இழைச்சு வைக்கிறன்” என்றார். “கேட்டால் குடுக்கலாம்.”