சர்மா நகர் அத்தோ கடையும் பஹ்ரைன் ராத்திரியும்

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலிருந்து சர்மா நகருக்குள் திரும்பிக் கொஞ்ச தூரம் போனால், ஒரு சந்து முனையில் தள்ளுவண்டியும் அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட சின்னக் கடையும் இருக்கும். பெயர்ப்பலகை கிடையாது. அக்கா கடை என்று கேட்டால் ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்களே கை காட்டிவிடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பு பற்றும், பத்தரைக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். கார் ரேஸ் இருக்கிற ராத்திரிகளில் மட்டும் மூடுகிற நேரம் என்று ஒன்று இல்லை.

நான் பதினாறு வருஷமாக ட்ரெய்லர் ஓட்டுகிறேன். துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவில் நாற்பதடி கன்டெய்னர். கேட்டில் வரிசை நகராத ராத்திரிகளில் பீச் ஸ்டேஷன் பக்கம் ஆரம்பித்துத் தண்டையார்பேட்டை வரைக்கும் எத்தனையோ வண்டிகளில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கிறேன். இந்தக் கடைக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

அக்காவின் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த ஒன்றிரண்டு வருஷங்களில் கடைகளையும் வியாபாரத்தையும் அரசுடைமை ஆக்கியபோது கப்பலேறித் திரும்பிய தமிழர்களில் அக்காவின் அம்மாவும் ஒருவர். அந்த அம்மாவின் கைப்பக்குவம்தான் இன்றைக்கும். அகலமான பாத்திரத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி, அதன் மேல் நூல் நூலாக அரிந்த முட்டைக்கோஸ், பொன்னிறத்துக்குக் கொஞ்சம் மேலே போன வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், உப்பு. கடைசியாக பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவுவார். கரண்டியே கிடையாது, எல்லாம் கையால் பிசைவதுதான். பிசையும்போது பூண்டு வாசனை தெருவுக்கே வரும். கூடவே வாழைத்தண்டு சூப், எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுவார். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயம் திணித்துத் தரும் முட்டை மசாலாவைத் தவற விடாதீர்கள். ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் எண்ணெய் சட்டையில்தான்.

சரி, ரேஸ் எப்படி இங்கே வந்தது என்று சொல்கிறேன்.

2021 நவம்பர் 6, சனிக்கிழமை. தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். அன்று ராத்திரி பிடித்த மழை விடியும்வரை விடவில்லை, காலையில் பார்த்தால் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாகியிருந்தது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது என்று யாரோ வந்து சொல்ல, நாங்கள் எட்டுப் பேர் அந்தத் தகரத்துக்குக் கீழேயே நின்றுவிட்டோம். கரண்டும் போய்விட்டது. பக்கத்து பைக் பட்டறைத் தம்பி ஒருவன் விரிசல் விட்ட போனில் பஹ்ரைன் 8 மணி நேரப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். உலக எண்டூரன்ஸ், அதாவது நீண்ட நேரப் பந்தய சாம்பியன்ஷிப்பில் அந்த வருஷத்துக் கடைசிப் பந்தயம்.

எண்டூரன்ஸ் பந்தயத்தில் ஒரே பாதையில் பல வகுப்பு கார்கள் ஒன்றாக ஓடும். வேகமான கார் மெதுவான காரைத் தாண்டிக்கொண்டே இருக்கும். ஒரு காரை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அன்றைக்கு ஜிடிஇ ப்ரோ வகுப்பில் 51-ஆம் எண் ஃபெராரியும் 92-ஆம் எண் போர்ஷேவும் சம புள்ளிகளோடு பஹ்ரைனுக்கு வந்து, முதலிடத்திலிருந்து கிளம்பும் உரிமையை வென்றதால் போர்ஷே ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. இரண்டில் எது முன்னால் முடிக்கிறதோ அதற்குத்தான் பட்டம். கடைசிக் கால் மணி நேரத்துக்குள் போர்ஷேவில் மிக்கேல் கிறிஸ்டென்சன் முன்னால், ஃபெராரியில் அலெஸ்ஸாண்ட்ரோ பியர் கைடி அவர் முதுகிலேயே. இன்னொரு வகுப்பைச் சேர்ந்த வேகமான எல்எம்பி2 கார் ஒன்றும் அந்த நேரம் பார்த்து நடுவில் வந்தது. ஃபெராரி போர்ஷேவின் பின்பக்கத்தில் முட்டியது. போர்ஷே சுழன்று போனது. ஃபெராரி முன்னால் போய்விட்டது.

தகரத்தில் மழை இடிக்கிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஃபெராரி மேல்தான் தப்பு என்றேன் நான்.

"இன்னாணா நீ! நடுவுல ஒரு வண்டி பூருது, முன்னாடி போறவன் சட்டுனு பிரேக்க அமுக்குறான். பின்னாடி வர்றவன் இன்னா பண்ணுவான்?" என்றான் பட்டறைத் தம்பி.

"அதுக்குத்தான்பா கேப் வுட்டு ஓட்டணும்" என்றேன் நான். எண்ணூர் சாலையில் முன்னால் போகிறவனுக்குக் கண்ணாடியில் தெரிகிறது மட்டும்தான் தெரியும். பின்னால் வருகிறவனுக்கு முழு ரோடும் தெரியும். அதனால் பொறுப்பும் அவனுக்குத்தான். என் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

அக்காவின் தம்பி இரண்டு எவர்சில்வர் டம்ளரை எண்ணெய்ப் பிசுக்கு மேடையில் ஒன்றன் பின் ஒன்றாக வைத்தார். அவித்த முட்டை ஒன்றை எல்எம்பி2 என்று பக்கத்தில் உருட்டிவிட்டார். முன் டம்ளர் எங்கே வேகம் குறைக்கும், பின் டம்ளருக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாலைந்து முறை நகர்த்திப் பார்த்தோம். பார்த்தபின் நானும் கொஞ்சம் இறங்கி வந்தேன். வேண்டுமென்று இடித்ததாகத் தெரியவில்லை. கண் சிமிட்டும் நேரத்தில் நடந்த தப்பு.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பந்தயக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இடத்தைத் திருப்பிக் கொடு என்று முதலில் உத்தரவு வந்தது. ஃபெராரி வேகத்தைக் குறைத்தது. பிறகு அந்த உத்தரவையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இரண்டு கார்களும் எரிபொருள் போட்டுக்கொண்டு வந்தபிறகும் ஃபெராரிதான் முன்னால். பட்டம் பியர் கைடிக்கும் ஜேம்ஸ் கலாடோவுக்கும் போனது. போர்ஷே எதிர்ப்பு தெரிவித்தது, தள்ளுபடி செய்துவிட்டார்கள். மேல்முறையீடு வரைக்கும் பேசி, அதையும் போர்ஷே கைவிட்டது. இடி தப்பு என்றால் இடத்தை வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். தப்பில்லை என்றால் அந்த உத்தரவே வந்திருக்கக் கூடாது. எட்டு மணி நேரம் மூன்று பேர் உயிரைக் கொடுத்து ஓட்டிய ஓட்டத்துக்கு இந்த இரண்டில் ஒன்றாவது உறுதியாகக் கிடைத்திருக்க வேண்டாமா?

அதே ராத்திரி, மழைக்கு ஒதுங்க வந்த ஒருவர் வரிசையில் நின்ற வயசான தாத்தாவைத் தாண்டித் தட்டை நீட்டினார். நூடுல்ஸ் கடைசி இரண்டு பிளேட்தான் இருந்தது. அக்கா கையை நிறுத்திவிட்டு, "நீ எங்க நின்னியோ அங்க போய் நில்லுபா, வரும்" என்றார். அந்த ஆள் வரிசைக்குப் பின்னால் போனார். தாத்தாவுக்குப் பிசைந்து கொடுத்துவிட்டுத்தான் அக்கா அந்த ஆளின் தட்டைக் கேட்டு வாங்கினார். அக்காவுக்கு ரேஸில் ஒன்றும் தெரியாது. பட்டறைத் தம்பி மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

அன்றிலிருந்து ரேஸ் ராத்திரி இங்கே வழக்கமாகிவிட்டது. இப்போது 32 இஞ்ச் டிவி இருக்கிறது. லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் பிரான்ஸில் மாலை நாலு மணிக்குத் தொடங்கினால் நமக்கு ஏழரை, அத்தோ சூடாக இருக்கும் நேரம். 2024 லே மான்ஸில் ராபர்ட் குபிட்சா பிஎம்டபிள்யூவைத் தாண்டும்போது மோதி 30 விநாடி தண்டனை வாங்கினார். அது போதுமா போதாதா என்று அடுத்த சாயங்காலம் வரைக்கும் பேச்சு ஓயவில்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரத்தில் அஜித்குமார் அணி 992 வகுப்பில் மூன்றாம் இடம் பிடித்தபின் சின்னப் பையன்கள் நிறைய வருகிறார்கள். வகுப்பு என்றால் என்ன, நீலக்கொடி எதற்கு என்று கேட்கிறார்கள். சோழவரம் ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் ரேஸ் பார்த்த பெரியவர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். என் அப்பாவும் என்னை அங்கே தோளில் தூக்கிப் போனவர்தான். இருந்திருந்தால் இந்த பெஞ்சில் ஓரிடம் அவருக்கு.

குறைகளும் இருக்கின்றன. ஒரே பெஞ்சு, ஆறு பேருக்கு மேல் நிற்கத்தான் வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் நெட் திணறும். சரியாகத் தாண்டுகிற நேரத்தில் படம் உறைந்து நின்று கூட்டமே கூச்சல் போட்டிருக்கிறது. கழிப்பறை கிடையாது. ரேஸ் பார்க்க ஆசையாக வந்த என் மகள் பத்து மணிக்கே கிளம்ப வேண்டியதாயிற்று. இதை அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், பின்வீட்டுக்காரரிடம் பேசுவதாகச் சொன்னார். கை கழுவ டிரம்மில் தண்ணீர் இருக்கும், சோப்பு இருக்காது.

அத்தோ 70 ரூபாய், முட்டை மசாலா 25. ஜிபே உண்டு. ரேஸ் அன்றைக்கு எட்டரைக்குள் முட்டை தீர்ந்துவிடும், ஏழு மணிக்கே போய்விடுங்கள். பைக்கைச் சுவரோரமாக விடலாம், கார் வேண்டாம்.

அன்றைக்குப் போர்ஷேவாக நின்ற டம்ளர் மேடையிலிருந்து விழுந்து விளிம்பு நசுங்கியது. அக்கா அதைத் தூக்கிப் போடவில்லை. கேட்டால் அதிலேயே சூப் ஊற்றித் தருவார்.