பேட்ஜர் ஷேவிங் பிரஷ் வாங்கப் போறீங்களா? எட்டாயிரம் போன கடுப்புல எழுதறேன், படிச்சிட்டு அப்புறம் பணம் போடுங்க

மக்களே, நல்ல பேட்ஜர் பிரஷ் (பேட்ஜர்ங்கற காட்டு மிருகத்தோட முடில பண்றது) எப்படிப் பாத்து வாங்கறது, எப்படி வெச்சுக்கறதுன்னு நிதானமா ஒரு பெரிய பதிவு எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். இப்ப நிதானம் எல்லாம் இல்ல, எட்டாயிரம் போச்சு. கடை பேரு கேக்காதீங்க, போட மாட்டேன், அதுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தா அதை வேற நான்தான் பாக்கணும். ஷேவிங் சாமான் மட்டுமே விக்கிற, போட்டோ எல்லாம் பளிச்சுன்னு போட்டு வெச்சிருக்கற ஒரு ஆன்லைன் கடை, அவ்ளோதான்.

ஒரு பிரஷ்ஷுக்கு எதுக்குய்யா எட்டாயிரம்னு சில பேர் கேப்பீங்க. நெஜ சில்வர்டிப், அதாவது நுனி வெளுப்பா மெத்துன்னு இருக்கற ஒசத்தி பேட்ஜர் முடி, மூஞ்சில பட்டவனுக்குத்தான் அது தெரியும். வெதுவெதுன்னு இருக்கற தண்ணில கொஞ்ச நேரம் போட்டு, லேசா உதறிட்டு சோப்பு மேல சுத்தினா, முடி தண்ணிய உள்ளயே புடிச்சு வெச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விடும், சுத்த சுத்த நுரை கெட்டியாகிட்டே வரும், கன்னத்துல வெச்சு அழுத்தினா நடுவுல கம்முனு நிக்கும், நுனி மட்டும் விரிஞ்சு குடுக்கும், ஒரு இடத்துல குத்தாது, கடைசி வரைக்கும் அந்த சூடு இருக்கும். என் மச்சான் கிட்ட ஒண்ணு இருக்கு, அதைப் பாத்துத்தான் எனக்கு இந்த ஆசையே.

அந்தக் கடைக்காரர் எப்படி என்னை மடக்கினாருன்னா, விக்கிற மாதிரியே பேசல. மொதல்ல கேள்விதான் கேட்டாரு. கிண்ணத்துல நுரை அடிப்பீங்களா இல்ல நேரா மூஞ்சிலயா, தோல் சென்சிட்டிவா, கட்டி சோப்பா கிரீமான்னு. மூஞ்சிலயே சுத்தறவருக்கு ரொம்ப உயரமான முடி வேணாம் சார், தொளதொளன்னு இருக்கும், 24 எம்எம் டூ பேண்ட் எடுங்கன்னாரு (முடிக்கட்டோட அடி அகலம் 24 எம்எம், நுனி வெள்ளை, கீழ கருப்புன்னு ரெண்டு பட்டை). விஷயம் தெரிஞ்ச ஆள் பேச்சு அது, சொன்னதுல தப்பும் இல்ல. இதை விட காஸ்ட்லியா ஒண்ணு கேட்டதுக்கு, அது உங்களுக்குத் தேவையில்ல சார் வேஸ்ட்டுன்னுட்டாரு. அங்கதான் நான் விழுந்தேன், கூட விலை வேணாம்னு சொல்ற வியாபாரியை யாரு சந்தேகப்படுவா? உள்ளங்கையில பிரஷ்ஷை அழுத்திக் காட்டி ஒரு வீடியோ அனுப்பினாரு, வெள்ளை நுனி, கீழ கருப்புப் பட்டை, அப்படியே பூ மாதிரி விரியுது. கடைசி பீஸ் சார், கார்டுல போட்டா எங்களுக்கு கமிஷன் போகும், நேரா அக்கவுண்ட்ல போட்டா கொஞ்சம் கொறச்சுக்கறேன்னாரு. எட்டாயிரம், அன்னிக்கே போட்டேன்.

வந்தது. புது பேட்ஜர் மொதல் தடவ நனைஞ்சா ஒரு மிருக வாடை அடிக்கும், நாலு தடவ நுரை அடிச்சா போயிடும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இதுல அடிச்சது பெயின்ட் வாடை. சரின்னு வெதுவெதுப்புத் தண்ணில வெச்சா கிண்ணத்தோட அடியில சாம்பல் கலர்ல தண்ணி எறங்குது. சோப்புல சுத்தினா நுரையே அழுக்கு வெள்ளை. மூஞ்சில வெச்சா வெளக்குமாத்தால தேச்ச மாதிரி இருக்கு. உதிர்ந்த முடி ஒண்ணை லென்ஸ் வெச்சுப் பாத்தேன், அடியில தடியா இருக்கு, நுனி ரெண்டா மூணா பொளந்திருக்கு. பேட்ஜர் முடி அடியில மெலிசா, மேல கொஞ்சம் பருத்து, நுனி ஊசியா முடியும். இது பன்னி முடி சார், சாயம் போட்ட பன்னி முடி. பன்னி முடியை பன்னி முடின்னு வித்தா எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, அதுவும் பழகப் பழக நல்ல பிரஷ்தான், வெலையும் கம்மி. ஆனா அதுக்கு எட்டாயிரமா?

கேட்டா மொத பதில், "பிரேக் இன் ஆகணும் சார்", அதாவது பழகப் பழக சரியாகிடுமாம். அடுத்தது "நேச்சுரல் ஹேர் சார், கொஞ்சம் கலர் விடும்". நேச்சுரல் ஹேர் எதுக்குடா கலர் விடும்? அப்புறம் தண்ணி சூடு ஜாஸ்தியா இருந்திருக்கும்னு பழி என் மேல. போட்டோ எல்லாம் அனுப்பினேன், டீம்கிட்ட செக் பண்றேன்னான், அது வரைக்கும் நான்தான் எல்லாம்னு பேசினவனுக்கு திடீர்னு ஒரு டீம். கடைசில "யூஸ் பண்ண பிரஷ், ஹைஜீன் பாலிசி, ரிட்டர்ன் கெடையாது"ன்னு ஒரு வரி. நனைக்காம எப்படிடா சாயம் போறது தெரியும்? இதுல அடுத்த தடவ வாங்கினா பத்து பர்சன்ட் தள்ளுபடின்னு கூப்பன் வேற. அவங்க பக்கத்துல நான் எழுதின ரிவ்யூ சாயங்காலத்துக்குள்ள காணோம். இப்ப போன் எடுக்கறதில்ல.

இந்தத் திருட்டு புதுசும் இல்ல. முதல் உலகப் போர் சமயத்துல பேட்ஜர் முடி வரத்து கொறஞ்சப்ப குதிரை முடிய பேட்ஜர் மாதிரி ஆக்கி பிரஷ் பண்ணி வித்தாங்க, சரியா சுத்தம் பண்ணாத முடிலருந்து ஆந்த்ராக்ஸ்ங்கற கிருமி நோய் வந்து ஷேவ் பண்ணவங்க செத்தே போனாங்க, 1920-ல பிரிட்டன் ஜப்பான்லருந்து ஷேவிங் பிரஷ் வரதையே தடை பண்ணுச்சு. எனக்குப் போனது எட்டாயிரம் மட்டும்னு மனசத் தேத்திக்கணும் போல.

எப்படி வாங்கறதுன்னு முழுசா எழுதற மூடு இல்ல, சட்டுனு சொல்லிடறேன். ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப்னு முடித் தரத்துக்குப் போடற பேருக்கெல்லாம் பொதுவான அளவுகோல் எதுவும் கெடையாது, அவனவன் வெச்ச பேருதான், அந்தப் பேர மட்டும் நம்பி காசு குடுக்காதீங்க. அழுத்திக் காட்ற வீடியோ வேணாம், நுனிய கிட்டத்துல எடுத்த போட்டோ கேளுங்க, கத்தரி வெச்சு சமமா வெட்டின மாதிரி இருந்தாலோ பொளந்திருந்தாலோ விட்ருங்க. முடிஞ்சா ஈரத்துல காட்டச் சொல்லுங்க. நனைச்சுப் பாத்தப்புறம் ரிட்டர்ன் உண்டான்னு எழுத்துல வாங்குங்க. ஆரம்பத்துல நாலஞ்சு முடி உதிர்ந்தா பயப்படாதீங்க, தண்ணில கலர் எறங்கினா அப்பவே வீடியோ எடுத்து வெச்சிருங்க. கொதிக்கற தண்ணில மட்டும் போடாதீங்க, நல்ல பிரஷ்ஷா இருந்தாலும் பசை விட்டுடும், அதையே சாக்கா வெச்சு உங்களையே திருப்பிக் கேப்பானுங்க. அப்புறம் கார்டு வேணாம் நேரா அக்கவுண்ட்ல போடுங்கன்னு எவன் சொன்னாலும் பேச்சை அங்கயே முடிச்சிடுங்க, எட்டாயிரத்தைத் திருப்பி வாங்கித் தர வழியில்லன்னு பேங்க்ல எனக்கு சொன்ன ஒரே காரணம் அதுதான்.